ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன்

(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த அறையிலேயே என்னைவிட விவரம் தெரிந்த ஐ.டி. பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு திரும்புகிறார்கள். பகலில் கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் நான். அதனால் "சார், ஹார்ட் டிஸ்க் செருகினா கம்ப்யூட்டர்ல தெரிய மாட்டேங்குது" என்று என்னிடம் வருகிறார்கள். செயலாளர் சார் "இதையே எல்லோருக்கும் ஒரு தடவை சொல்லிவிடுங்களேன்" என்றார். அதுதான் இந்தப் பேச்சு.

இரண்டு டிஸ்க்குகளின் கதையை முதலில் சொல்கிறேன்.

முதல் டிஸ்க், நம் பிளாக்கில் இருக்கும் ஒரு மாமியுடையது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவருடைய கணவர் காலமாவதற்கு முன்பு, பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, பெண்ணின் கல்யாண வீடியோ கேசட்டையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார். பெண் வெளிநாட்டிலிருந்து வந்தபோது செருகிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு கடையில் காட்டியதற்கு, "டிஸ்க் போச்சும்மா, டேட்டா எடுக்கணும்னா பல ஆயிரம் ஆகும்" என்றார்களாம். என்னிடம் கொண்டுவந்தார். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேபிளை மாற்றினேன். டிஸ்க் திறந்துகொண்டது.

இரண்டாவது டிஸ்க் என்னுடையது. என் அப்பா எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. பூச்சி அரிக்கிறது என்று அத்தனையையும் ஸ்கேன் செய்து டிஸ்க்கில் ஏற்றினேன். காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். ஒருநாள் டிஸ்க்கைச் செருகியதும், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று திரையில் கேட்டது. கம்ப்யூட்டர் கேட்கிறதே, சரியாகத்தான் கேட்கும் என்று 'ஃபார்மேட் டிஸ்க்' பொத்தானை அழுத்தினேன். டிஸ்க் புதிது போல வேலை செய்தது. சந்தோஷமாக அதில் சினிமாவெல்லாம் ஏற்றினேன். கடிதங்கள் ஞாபகம் வந்தது ஒரு வாரம் கழித்து. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இந்த இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பணமும் இல்லை, படிப்பும் இல்லை. மாமி எதையும் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன்.

ஆகவே முதல் விதி: ஃபார்மேட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால், 'கேன்சல்' மட்டும்தான் அழுத்த வேண்டும். உள்ளே இருப்பது வேண்டும் என்றால் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

சாதாரணமாக நாம் செய்வது குவிக் ஃபார்மேட். அதில் டிஸ்க்கில் இருப்பது உடனே அழிவதில்லை. லெட்ஜர் புத்தகத்தின் இன்டெக்ஸ் பக்கத்தைக் கிழித்த மாதிரி. உள்ளே கணக்குகள் அப்படியே இருக்கும், எந்தப் பக்கத்தில் யார் கணக்கு என்பது மட்டும் தெரியாது. மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதன்மேல் புதிதாக எழுதினால் பழைய கணக்கு போயே போய்விடும். நான் சினிமா ஏற்றினேன் அல்லவா, அதுதான் என் அப்பாவின் கடிதங்களை அழித்தது. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் என்றால் இந்த வாய்ப்பும் மிகக் குறைவு.

இனி, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை. இது எனக்கு வங்கியில் கிடைத்த பாடம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜர் பாலன்ஸ் செய்வோம். டேலி ஆகாது. புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்ட ஆரம்பிப்பார். சீனியர் வித்தியாசத் தொகையை மட்டும் பார்ப்பார். அது 9-ஆல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கலாம். எங்கே தேட வேண்டும் என்பதை முதலில் சுருக்கிக்கொள்வார். பிறகுதான் தேடுவார்.

இங்கேயும் அதேதான். சந்தேகத்துக்கு உரியவர்கள் மூன்று பேர்: கம்ப்யூட்டரின் போர்ட், நடுவில் உள்ள கேபிள், அந்தப் பக்கம் டிஸ்க். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

டிஸ்க்கை வேறு போர்ட்டில் செருகுங்கள். வேலை செய்தால் பழைய போர்ட்டில் கோளாறு. இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். அதுவும் பயனில்லை என்றால் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் செருகுங்கள். அங்கே தெரிந்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். எங்கேயும் தெரியவில்லை என்றால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். கால் மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை.

இந்த யூ.எஸ்.பி. என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் நம் நாட்டில் பிறந்தவர். அஜய் பட், குஜராத்தின் வடோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியவர். அதற்கு முன்பு பிரிண்டருக்கு ஒரு செருகி, மவுசுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே செருகி என்று 1996-இல் வந்ததுதான் யூ.எஸ்.பி.

2000-இல் வந்த 2.0 வகை வரைக்கும் சாதாரண கேபிளில் நான்கே நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. 2008-இல் 3.0 வகை வந்தபோது மேலும் 5 இணைப்புகள் சேர்ந்தன. பல கம்ப்யூட்டர்களில் உள்ளே நீல நிறமாக இருக்கும் போர்ட் அதுதான்.

இந்தக் கம்பிக் கணக்கிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும்.

ஒன்று, மலிவான சில சார்ஜிங் கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டும்தான் இருக்கும். டிஸ்க்கில் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. மாமியின் கேபிளிலும் விளக்கு எரிந்தது. அது சார்ஜிங் கேபிள் இல்லை, உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும். கேபிளை டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த மடிப்பில்தான் அறுகிறது.

இரண்டு, "மவுஸ் அதே போர்ட்ல வேலை செய்யுதே சார்" என்பார்கள். மவுசுக்கு வேண்டிய மின்சாரம் மிகக் கொஞ்சம். கூடுதலான 5 இணைப்புகளும் அதற்குத் தேவையில்லை. மவுஸ் வேலை செய்தால் போர்ட் முழுக்கச் செத்துவிடவில்லை என்று மட்டும்தான் பொருள்.

மூன்று, மின்சார அளவு. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர் வரை, 3.0 போர்ட் 900 வரை. உள்ளே தட்டு சுழலும் டிஸ்க்குக்குச் சுழலத் தொடங்கும்போது கூடுதலாக மின்சாரம் வேண்டும். போதவில்லை என்றால் விளக்கு எரியும், சுழல முயலும், நிற்கும், மறுபடி முயலும். ஆகவே பல சாதனங்களைச் சேர்த்துச் செருகும் ஹப்பில் டிஸ்க்கைச் செருகாதீர்கள். நேரே கம்ப்யூட்டரில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டைவிடப் பின்பக்க போர்ட்டை நம்பலாம். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு ஒயர் போகிறது. அது தளர்ந்துபோவது சகஜம்.

பெரிய அளவு டிஸ்க், தனி அடாப்டரோடு வருவது, உங்களிடம் இருந்தால் அடாப்டரையும் சந்தேகப்படுங்கள். ஆனால் கையில் கிடைத்த லேப்டாப் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க்குக்கு 12 வோல்ட், லேப்டாப்புக்கு 19 வோல்ட். முனை பொருந்தும், டிஸ்க் எரியும். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

அடுத்தது போர்ட். நாம் இருப்பது ராஜா அண்ணாமலைபுரம். ஒரு பக்கம் கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம். ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுதான் போர்ட்டுக்குள்ளும் போகிறது. வருஷக்கணக்கில் எதையும் செருகாத போர்ட்டில் தூசி சேரும், உலோகம் மங்கும்.

சுத்தம் செய்வது சுலபம். கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தாலோ, தகடு வளைந்திருந்தாலோ அந்த போர்ட்டைத் தொடாதீர்கள், ரிப்பேருக்குத்தான் போக வேண்டும். சரியாக இருந்தால், உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கறை இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு போடுங்கள். ஊக்கு, ஹேர்பின் உள்ளே விடக் கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம். நம் மூச்சில் ஈரம் இருக்கிறது.

போர்ட், கேபிள் இரண்டும் சரி, மற்ற கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரிகிறது, நம்முடையதில் மட்டும் தெரியவில்லை என்றால் மென்பொருள் பக்கம் வரலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி நினைவை எடுத்து வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாக ஆரம்பிக்கும்.

அதிலும் வரவில்லை என்றால், அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். எத்தனையோ போர்ட்டுகள் இதிலேயே திரும்பி வந்திருக்கின்றன.

மூன்றாவது, ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட வரி இருந்தால், அதை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். மஞ்சள் குறி இல்லாத வரிகளைத் தொட வேண்டாம். மவுஸும் கீபோர்டும் அங்கேதான் இருக்கின்றன, அவை நின்றுபோனால் கை கட்டினாற்போல் ஆகிவிடும்.

நான்காவது, அதே வலது கிளிக்கில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. இங்கே பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. டிஸ்க் இங்கே தெரிந்து, நல்ல நிலையில் இருப்பதாகவும் காட்டி, எழுத்து மட்டும் இல்லாமல் இருக்கலாம். டி, இ, எஃப் என்று ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து வேண்டும். 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' என்பதில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும், டிஸ்க் தோன்றிவிடும். தரவுக்கு ஆபத்தில்லை. ஆனால் 'ரா' என்றோ, 'அன்அலோகேட்டட்' என்றோ, 'நாட் இனிஷியலைஸ்டு' என்றோ காட்டினால், அப்படியே மூடிவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒன்றையும் அழுத்தாதீர்கள். என் அப்பாவின் கடிதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம்: வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த டிஸ்க், ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்ததாக இருக்கலாம். விண்டோஸ் அதைப் படிக்காது, உடனே ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, மொழிதான் வேறு. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்போது நம் முயற்சியை நிறுத்த வேண்டும்? டிஸ்க்கைக் காதருகே வையுங்கள். மெல்லிய ஒரே சீரான சுழலும் சத்தம் என்றால் நல்லது. 'டிக், டிக், டிக்' என்று தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். உள்ளே தகவலைப் படிக்கும் முனை சரியாக வேலை செய்யவில்லை. மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது, புண்ணைக் கிளறிப் பார்ப்பது மாதிரி. ஒவ்வொரு தடவையும் மீட்க முடிந்தது குறையும். ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வரும், செய்யாதீர்கள். டிஸ்க்கை வீட்டில் திறக்காதீர்கள். ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க. 'எரர் செக்கிங்' என்ற பரிசோதனையையும், முக்கியமானதை நகல் எடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்கோ வேறு கடைக்கோ கொண்டுபோவதானால், முன்னதாகவே மூன்று கேள்வி கேளுங்கள். பார்ப்பதற்கு எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு, பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? பதிலை எழுதி வாங்குங்கள். நம் டிஸ்க்கில் போட்டோ மட்டும் இருப்பதில்லை. பான் கார்டு, ஆதார், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கும். லாக்கர் சாவியைக் கொடுப்பது போன்ற விஷயம் அது.

பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் மூன்றை இங்கே சேர்க்கிறேன்.

"ஆபீஸ் லேப்டாப்பில் எந்த டிஸ்க்குமே தெரியவில்லையே?" அது கோளாறு இல்லை. பல அலுவலகங்களில் யூ.எஸ்.பி. சேமிப்பை வேண்டுமென்றே தடுத்து வைத்திருப்பார்கள். அதைத் திறக்க முயலாதீர்கள், வேலைக்கு வம்பு.

"டி.வி.யில் செருகினால் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் தெரிகிறது." டி.வி.க்கு அந்த ஃபார்மேட் புரியவில்லை, அல்லது டி.வி. தரும் மின்சாரம் போதவில்லை. படத்தை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துச் செருகிப் பாருங்கள்.

"ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது." அது வைரஸ். கோப்புகள் பெரும்பாலும் மறைந்துதான் இருக்கும், அழிந்திருக்காது. அந்த ஷார்ட்கட்டை இரண்டு தடவை கிளிக் செய்யாதீர்கள், வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்கும் வரும். ஆன்டிவைரஸ் ஓட்டிய பிறகு, மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை தாண்டியது. எதிர்க்கரையில் கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்கு மறக்காது. நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், கட்டட வரைபடம் எல்லாம் இன்று ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. அந்த டிஸ்க் இருப்பது தரைத்தளத்து அலுவலக அறையில், கீழ் டிராயரில். போன வாரம் செருகிப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில்தான் தெரிந்தது. கேபிளை மாற்றிவிட்டேன். ஆனால் அது போதாது.

வங்கிகள் தங்கள் தரவு மையத்தை ஓர் ஊரிலும், அதன் நகலை வேறோர் ஊரிலும் வைக்கின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். இன்னொரு டிஸ்க் வாங்கி, நகல் எடுத்து, மேல்மாடியில் பொறுப்பாளர் ஒருவர் வீட்டில் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இந்தச் செய்திமடல் வரும்போது, இரண்டையும் செருகித் திறந்து பார்த்து, பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திறந்து பார்க்காத நகல், எண்ணாத பணக்கட்டு மாதிரி. செயற்குழு ஒப்புக்கொண்டால் அந்த நோட்டை நானே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டு நகல், இரண்டு இடம். டிஸ்க்கைப் பிடுங்கும் முன் 'எஜெக்ட்' கொடுங்கள். கேபிளைச் சுற்றாமல் தளர்வாக மடித்து வையுங்கள். ஒரிஜினல் காகிதத்தைப் பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

அந்த மாமி கல்யாண வீடியோவை இரண்டாவது டிஸ்க்கில் நகல் எடுத்து, பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு மீதி இருப்பது அப்பாவின் ஒரே ஒரு போஸ்ட் கார்டு. புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்ததால் தப்பியது. அதை இரண்டு இடத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். காகிதமும் பத்திரமாக இருக்கிறது.

டிஸ்க் தெரியவில்லை என்றால், எதையும் அழுத்துவதற்கு முன் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை மட்டும் வேண்டாம், தூங்குகிற நேரம்.